உலை வாயை மூடுதல்

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயைப் பற்றி அந்தப் பழமொழி சொல்வதில் தகராறு இல்லை. உலை வாயைப் பற்றித்தான் அது கொஞ்சம் அலட்சியமாகப் பேசிவிட்டது. சோற்றுப் பானைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது என்றிருந்த காலத்தின் பேச்சு அது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி போகும், கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும். யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். அதே பானையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்சில் ஏறவேண்டும் என்று வையுங்கள். உலை வாயை மூடுவது எத்தனை பெரிய காரியம் என்று அப்போது தெரியும்.

சூடான ஒன்றைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓசூர்ப் பக்கத்தில் அன்றாடப் பிழைப்பின் ஒரு பகுதி. சென்னைச் சாலையும் சேலம் சாலையும் கிருஷ்ணகிரியில் ஒன்றுசேர்ந்து, சூளகிரி வழியாக மேடேறி, ஓசூரைத் தொட்டு, ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைகின்றன. 1970களில் தொடங்கிய சிப்காட் வளாகங்கள் இந்தச் சாலையை ஒட்டித்தான் வளர்ந்தன. லாரி, மொபெட், கைக்கடிகாரம், குக்கர் என்று தொடங்கி இப்போது கைப்பேசி உதிரிபாகமும் மின்சார ஸ்கூட்டரும் வரை வந்திருக்கிறது. ஷிப்டு முறையில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருக்கும் ஊர். மார்கழியில் விடியற்காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்சுக்காக நிற்பவர்களின் பையைத் திறந்து பார்த்தால் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தியும் ஒடியாவும். எந்த மொழி பேசினாலும் பைக்குள் டீ கொட்டிவிட்டால் முகம் சுளிப்பது ஒரே மாதிரிதான்.

ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கலாம். வண்டியும் இந்த ஊரில் பிறந்த வம்சம்தான். 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்ததிலிருந்து தொடரும் வரிசை. கேன் மூடியைத் திருகிக் கழற்றும்போது உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். மூடிக்கும் வாய்க்கும் நடுவில் வெட்டிக் கழுவிய பால் கவர் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். வாஷர் தளர்ந்துபோனபின் அதுதான் வாஷர். பத்திருபது கப் ஊற்றி முடித்ததும் கவரை உதறி, அதே மடிப்பில் திரும்ப வைத்து, மூடியை அழுத்தித் திருகுவார்கள். அந்த விரல்களில் பழக்கம் ஏறியிருக்கும். வாஷரை மாற்றினால் என்னண்ணா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வாஷர் தனியா எங்க சார் கெடைக்குது? மூடியோட வாங்குன்றான். மூடியக் கேட்டா பிளாஸ்க்கோட வாங்குன்றான்." ஒழுகாத மூடியை எப்படி வடிவமைப்பது என்ற கேள்வியின் முக்கால் பங்கு இந்தப் பதிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். மீதிக் கால் பங்கு பௌதிகம். அதை முதலில் பார்த்துவிடலாம்.

பிளாஸ்க் பிறந்த கதையில் மூடிக்கு வேலையே இல்லை. 1892-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவையைச் செய்தது டீக்காக அல்ல, திரவமாக்கிய வாயுக்களை வைத்துப் பார்ப்பதற்காக. இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெப்பம் கடந்துபோக ஊடகம் இல்லை. கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்தால் கதிர்வீச்சாகப் போவதும் குறையும். ஆனால் அந்தக் குடுவையின் வாயை இறுக்கி அடைக்கவே கூடாது. திரவ வாயு எத்தனை காப்புக்குள் இருந்தாலும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும். மாடுகளுக்குச் சினை ஊசி போட வருபவர்கள் கொண்டுவரும் திரவ நைட்ரஜன் கலனின் மூடி இன்றும் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். மத்திகிரியில் பழைய கால்நடைப் பண்ணை இருக்கிற இந்த வட்டாரத்துக்கு அந்தக் கலன் புதிதல்ல. ஒரே கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த இரண்டு கலன்கள் ஒரே சாலையில் இருசக்கர வண்டியில் போகின்றன: ஒன்றை இறுக்கி மூடினால் ஆபத்து, மற்றதை இறுக்கி மூடாவிட்டால் நஷ்டம்.

டூவரின் குடுவை ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் மூடி ஒரு பிரச்சினை ஆனது. பெர்லினைச் சேர்ந்த கண்ணாடித் தொழில்காரர் ரைன்ஹோல்ட் பர்கர் அதற்கு உலோக உறை போட்டு 1903-இல் காப்புரிமை வாங்கினார். மறு ஆண்டு தெர்மாஸ் என்ற பெயரில் கம்பெனி எழுந்தது. காப்புரிமை எடுக்காமல் விட்டிருந்த டூவர் வழக்குப் போட்டும் பயனில்லை. 1913-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி கண்ணாடியை ஒதுக்கிவிட்டு முழுக்க எஃகில் செய்தார். உடைகிற உடம்பு உடையாத உடம்பானது. வாய்க்கு மட்டும் நெடுநாள் கார்க் கட்டைதான்.

கார்க்கை லேசாக எண்ண வேண்டாம். 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கார்க்கின் சீவலைப் பார்த்துத்தான் அதன் அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அந்த அறைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. ஆகவே ரப்பரை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்குவதுபோலக் கார்க் பிதுங்குவதில்லை. தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டு வாய்க்குள் இறங்கி, இறங்கியபின் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது. வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. குறை ஒன்றுதான்: பாலும் சர்க்கரையும் போட்ட டீக்கு அது லாயக்கில்லை. இண்டு இடுக்கில் பால் ஏறி, புளித்த வாசனை பிடித்து, ஓரம் உதிர்ந்து டீயில் மிதக்கும். கறுப்புக் காப்பி குடித்த நாடுகளில் பல காலம் ஓடியது, பால் டீ குடிக்கும் நாட்டில் சில மாதத்தில் பல்லிளித்தது.

அதற்குப் பின் வந்ததுதான் இன்று நம் கையில் இருக்கும் அமைப்பு: திருகு மூடி, அதற்குள் வாஷராக ஒரு சிலிகோன் வளையம். இங்கே பரவலான ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லவேண்டும். மூடியின் மரைதான் டீயை நிறுத்துகிறது என்று நினைத்துப் பலம்கொண்ட மட்டும் திருகுகிறோம். மரை எதையும் நிறுத்துவதில்லை. மரைக்கும் மரைக்கும் நடுவில் டீ தாராளமாக ஏறிவரும் அளவுக்கு இடம் இருக்கிறது. மரையின் வேலை வளையத்தை வாய் விளிம்பின்மேல் அழுத்திப் பிடிப்பது, நிறுத்துவது வளையம். அந்த வளையத்தின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். குறைவாக அமுங்கினால் கசியும். அளவுக்கு மீறி அமுக்கினால் வளையம் நாளடைவில் தட்டையாகி, எழுந்து வருகிற குணத்தை இழந்துவிடும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குகிறோம். இறுக்கியதால்தான் நாளை ஒழுகப்போகிறது. நல்ல மூடியில் இதற்கு ஒரு தடை இருக்கும். வளையம் போதிய அளவு அமுங்கியதும் பிளாஸ்டிக் விளிம்பு எவர்சில்வர் கழுத்தில் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் பயில்வான் திருகினாலும் வளையத்துக்குச் சேதமில்லை. இந்தத் தடையை வைப்பதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு போதும். அந்தக் கோட்டைப் போட மறந்த மூடிகளைத்தான் பால் கவர் வைத்து ஓட்டுகிறார்கள்.

ஓசூரின் மோல்டிங் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இதில் சொல்ல வேறு கதைகள் உண்டு. மூடி வார்க்கும் பாலிப்ரொப்பிலீன் உருகிய நிலையிலிருந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை சுருங்கும். 40 மில்லிமீட்டர் மூடியில் அது 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர்வரை. சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் டை என்னும் அச்சைப் பெரிதாகக் குடைவார்கள். ஆனால் அச்சு நீர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் ஒரு சுருக்கம், சூடேறிய பின் ஒரு சுருக்கம். அவசரத்தில் பாகத்தைச் சீக்கிரம் தள்ளிவிட்டால் வேறொரு சுருக்கம். அதோடு டையின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் முடியிழை அளவுக்கு ஒரு கோடு விழும். அந்தக் கோடு வளையம் உட்காரும் முகத்தைக் குறுக்கே கடந்தால் டீக்கு அதுவே வாய்க்கால். அனுபவமுள்ள டை மேக்கர் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது பார்ட்டிங் லைன் என்ற அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்றுதான். விலை, நிறம், லோகோ எல்லாம் அப்புறம்.

இனி, மூடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி, ஊற்றிய வேகத்தில் மூடுகிறோம். டீக்கு மேலே கொஞ்சம் அறைக் காற்று சிக்கிக்கொள்கிறது. அது 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். நீராவி தன் பங்குக்கு அதன்மேல் சேரும்; 85 டிகிரியில் நீராவியின் அழுத்தம் மட்டுமே அரை வளிமண்டலத்துக்கு மேல். பையில் போட்டுக் குலுக்கினால் அந்த ஆவி விரைவாக நிறையும். இதில் மூன்றில் ஒரு பங்கு வளிமண்டலம் கூடுதலாக நின்றாலும்கூட, 40 மில்லிமீட்டர் வாயுள்ள மூடியை உள்ளிருந்து நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளிக்கொண்டிருக்கும். ஊற்றிய பின் ஒரு நிமிஷம் திறந்து வைத்து, ஆவி அந்தக் காற்றைத் துரத்திய பிறகு மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். டீ கேன்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைச் செய்கிறார்கள்.

ஊரின் உயரமும் இதில் கை வைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருஷ்ணகிரி சில நூறு மீட்டர் தாழ்வில் இருக்கிறது. அங்கே மூடிய பிளாஸ்க் சூளகிரி மேட்டைத் தாண்டி ஓசூருக்கு வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் நூற்றுக்கு நான்கைந்து பங்கு குறைந்திருக்கும். அந்த அளவுக்கு உள்ளிருப்பது வெளியே வரப் பார்க்கும். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஏற்கெனவே தளர்ந்த வளையத்துக்கு அது போதும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. பல மூடிகளைக் குளிர்ந்த நீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒழுகவில்லை என்கிறோம். கடையில் வாங்கும்போதும் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் 85 டிகிரி நீரின் பிசுக்குத்தன்மை அறை வெப்ப நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். பரப்பு இழுவிசையும் குறைந்திருக்கும். பச்சைத் தண்ணீர் நுழைய மறுக்கும் இடுக்கில் சுடுநீர் நுழைந்துவிடும். குளிர்நீரில் தேறிய மூடி சுடுநீரில் தேறும் என்பது உத்தரவாதமில்லை.

அடைப்பது என்ற கலையில் ஓசூருக்குப் பெயர் உண்டு. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-இல் தொடங்கிய டைட்டன், கடிகார ஆலையை இங்கேதான் அமைத்தது. 2002-இல் அது எட்ஜ் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். மெல்லிய கடிகாரம் செய்வதைவிட அந்த மெல்லிசுக்குள் தண்ணீர் புகாமல் பார்ப்பதுதான் கடினம். பின்மூடி, கண்ணாடி, சாவிக் குமிழ் என்று நீர் நுழைய மூன்று வாசல்கள். ஒவ்வொன்றிலும் வளையம் வைக்க இடம் வேண்டும், இடமோ இல்லை. 30 மீட்டர் நீர்த்தடை என்ற முத்திரையோடு அது வெளிவந்தது. கடிகாரம் வெளியே இருப்பதை உள்ளே விடக்கூடாது, பிளாஸ்க் உள்ளே இருப்பதை வெளியே விடக்கூடாது. கணக்கு ஒன்றுதான், திசை வேறு. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கடிகாரத்தின் பின்மூடியைப் பேட்டரி மாற்றும்போது கடைக்காரர் திறப்பார். பிளாஸ்க்கின் மூடியைத் தினமும் பலமுறை, ஈரக் கையோடு, அவசரத்தில், பாதித் தூக்கத்தில் திறக்கிறோம். கடிகாரத்தின் அடைப்பு ஆலையில் செய்யப்படுகிறது. பிளாஸ்க்கின் அடைப்பை ஒவ்வொரு முறையும் நம் கைதான் புதிதாகச் செய்கிறது.

அந்தக் கையை மனத்தில் வைத்து யோசித்தவர் ஒருவர் உண்டு. அதுவும் ஓசூரோடு தொடர்புடைய கதைதான். குக்கர் செய்யும் டி.டி.கே. பிரஸ்டீஜின் பதிவு அலுவலகமும் ஆலையும் ஓசூர் சிப்காட்டில் இருக்கின்றன. குக்கர் என்பது உண்மையாகவே உலை வாயை மூடிய பாத்திரம். வெயிட் ஒன்று, அது அடைத்துக்கொண்டால் உருகி வழிவிடும் சேஃப்டி பிளக் ஒன்று என்று இரண்டு காவல். அப்படியும் வட மாநிலங்களிலிருந்து குக்கர் வெடித்ததாகச் செய்திகள் வந்தன. அப்போது கம்பெனியை நடத்திய டி.டி. ஜகந்நாதன் காரணத்தைத் தேடியபோது அகப்பட்டது சந்தையில் விற்ற போலி சேஃப்டி பிளக். உருக வேண்டிய வெப்பத்தில் அது உருகவில்லை. போலியை ஒழிப்பது கம்பெனியால் ஆகிற காரியமில்லை. ஆகவே போலி போட்டாலும் வெடிக்காத குக்கர் வேண்டும் என்று கேள்வியை அவர் திருப்பிப் போட்டார். விடை கேஸ்கெட்டிலேயே இருந்தது. மூடியின் விளிம்பில் ஒரு வெட்டு. அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கெட் அந்த வெட்டின் வழியே பிதுங்கி, ஆவி பக்கவாட்டில் பாதுகாப்பாக வெளியேறும். அடைப்பதற்கென்று இருந்த பொருளையே கடைசி நேரத்தில் விடுவதற்கும் வைத்தார்கள். இன்று நம் வீட்டுக் குக்கர் மூடி ஓரத்தில் அந்த நீள்வெட்டைப் பார்க்கலாம்.

இந்தக் கதையை நான் புத்திசாலித்தனத்துக்காகச் சொல்லவில்லை. மக்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பொறியாளர் கைகழுவாமல், தவறு நடக்கும் என்பதையே வரைபடத்தின் முதல் வரியாக எழுதிக்கொண்டார் என்பதற்காகச் சொல்கிறேன். பிளாஸ்க் மூடிக்கு இந்த மரியாதை இன்னும் பல இடங்களில் கிடைக்கவில்லை. சோடா பாட்டிலின் கழுத்து மரையைப் பாருங்கள்: மரையைக் குறுக்கே வெட்டிச் செங்குத்தாகச் சில பள்ளங்கள் ஓடும். மூடி முழுக்கக் கழலுவதற்கு முன்பே வாயு அந்தப் பள்ளங்களின் வழியே வெளியேறிவிட வேண்டும் என்பதற்காக. சுடுபானப் பிளாஸ்க்கிலும் அதுவே தேவை. அரைத் திருகில் ஆவி போகவேண்டும், அப்போது மூடி இன்னும் மரையில் பிடித்திருக்கவேண்டும். நாள் முழுக்க மூடிக் கிடந்து டீ ஆறிப்போனால் கதை தலைகீழ். உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூட்டுவலிக்காரர்களால் திறக்க முடியாது. இரண்டுக்கும் அதே பள்ளம் மருந்து.

பெரிய பெயர்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. ஸ்டான்லி கம்பெனி 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 26 லட்சம் பயணக் குவளைகளைத் திரும்பப் பெற அறிவித்தது. சூட்டிலும் திருகும் விசையிலும் மூடியின் மரை சுருங்கி, குடிக்கும்போதே மூடி கழன்று விழுந்தது. உலகெங்கும் 38 பேருக்குச் சூட்டுக்காயம் என்று பதிவானது. எஃகுப் பிளாஸ்க்கைத் தொடங்கிவைத்த பெயர் அது. எஃகு உடம்பு ஒன்றும் ஆகவில்லை, பிளாஸ்டிக் மூடிதான் காலை வாரிவிட்டது. எந்தப் பிளாஸ்க்கையும் விளம்பரம் செய்யும்போது இத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்கிறார்கள். மூடி எத்தனை நூறு முறை சூடேறி ஆறி, திருகித் திறந்து தாங்கும் என்று சொல்வதைக் காணோம்.

இனி, டீ கேன்காரரின் பதிலில் இருந்த அந்த முக்கால் பங்குக்கு வருகிறேன். ராத்திரி பாத்திரம் துலக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்க் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பளபளப்பு. வளையத்தை ஊக்கின் முனையால் நெம்பி எடுத்தால் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பசை ஓடியிருக்கும். பால் கொழுப்பும் சர்க்கரையும் காய்ந்து ஒட்டியது. சில நாள் விட்டிருந்தால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. சிலிகோனுக்கு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஒருமுறை ரசம் பட்ட வளையம் அதற்குப் பின் வரும் டீக்கெல்லாம் ரசத்தின் சாயலைக் கொடுக்கும். பட்டனை அழுத்தினால் ஊற்றும் மூடி என்றால் நிலைமை மோசம். உள்ளே ஸ்பிரிங், அதன் கீழே வால்வு, வால்வைச் சுற்றிச் சின்ன வளையம் இன்னொன்று. எதையும் கழற்ற முடியாது. கழற்ற முடிந்தாலும் திரும்ப எந்தப் பக்கம் மேலே என்று தெரியாது. கழுவுபவர் நூலும் குச்சியும் விட்டுத் துழாவிவிட்டு, வெந்நீரில் போட்டு எடுத்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவார்.

இந்த மூடியை வரைந்தவரும் கழுவுபவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை என்பது மூடியைப் பார்த்தாலே தெரிகிறது. வரைபவர் பெரும்பாலும் ஆண், கழுவுபவர் பெரும்பாலும் பெண். வரைபவர் கவலைப்படுவது ஒழுகலைப் பற்றி. கழுவுபவர் கவலைப்படுவது ஒழுகலைத் தடுக்க வைத்த பள்ளங்களுக்குள் தங்கிவிடும் அழுக்கைப் பற்றி. ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு வைத்தால் ஒழுகல் குறையும், பசை தங்க இடமும் இரட்டிப்பாகும். வாயைச் சிறிதாக்கினால் சூடு நிற்கும், கை உள்ளே போகாது. மூடிக்குள் காப்பு நுரையை அடைத்து ஒட்டினால் சூடு மூடி வழியாகப் போகாது, ஆனால் ஒட்டிய விளிம்பு விரிசல்விட்டால் உள்ளே புகுந்த டீ ஒருநாளும் வெளியே வராது. இவற்றுக்கெல்லாம் ஒரே சரியான விடை கிடையாது. ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். என் முடிவு இது: பட்டன் வேண்டாம். ஒரே வளையம், விரல் நுழைந்து நெம்பி எடுக்க ஒரு சின்ன வெட்டு, தலைகீழாகப் போட்டாலும் சரியாகவே உட்காரும் சமச்சீர் வடிவம். மூடியின் அடிப்பாகம் ஒரே துண்டாக, மூலைகள் வளைந்து, கம்பி நார் இல்லாமல் விரலாலேயே துடைக்க முடிகிறதாக இருக்கவேண்டும். நாலு மணி நேரச் சூடு கூடுதலாகக் கிடைப்பதற்காக இதை விலைபேசக் கூடாது.

வளையம் என்றைக்கும் நிலைக்கும் பொருள் அல்ல. சூடும் சோப்பும் அழுத்தமும் பட்டு அது தேயும். தேய்வதற்காகவே அது இருக்கிறது. எஃகு உடம்பு பத்து வருஷம் தாங்கும், வளையம் அதில் ஒரு சிறு பங்கு காலம் தாங்கினால் பெரிது. குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஃபிரீசரில் வைத்து இறுக்கிப் பார்ப்பார்கள், அதற்கும் சரிவராவிட்டால் பாத்திரக் கடைக்குப் போய் லிட்டர் அளவைச் சொல்லிப் புதிது வாங்கிவருவார்கள். எந்தச் சின்ன ஊர்ச் சந்தையிலும் கேஸ்கெட் ஆணியில் தொங்கும். பிளாஸ்க் வளையத்துக்கு அப்படி ஒரு ஆணி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு குறுக்குவெட்டு. ஒரே கம்பெனியின் அடுத்த வருஷ மாடலுக்கே பழைய வளையம் சேராது. சில ரூபாய் பெறாத வளையம் போனதற்காக நல்ல எவர்சில்வர் பாத்திரம் பழைய இரும்புக்காரருக்குப் போகிறது.

2023-இல் ஒன்றிய அரசு வீட்டு உபயோகப் பிளாஸ்க்குகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனால் முத்திரை கடையில் இருக்கும் புதுப் பொருளுக்கு ஜவாப்தாரி. நாம் வாழ்வது பழகிய பொருளோடு. புது மூடி ஒழுகாமல் இருப்பது எந்த வளையத்தாலும் முடியும். இருநூறாவது முறை கழுவிய மூடி ஒழுகாமல் இருப்பதுதான் வடிவமைப்பு.

ஓசூரில் டை வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ரப்பரும் சிலிகோனும் வார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இம்மியளவு பிசகாமல் அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கும் கடிகாரத்துக்கும் கைப்பேசிக்கும் அளந்து கொடுக்கும் இந்த ஊர், டீக்கும் கொஞ்சம் அளந்து கொடுக்கலாம். பிளாஸ்க் செய்பவர்களிடம் கேட்பது மூன்றே விஷயம்: வளையத்தின் அளவுகளை நாலைந்துக்குள் பொதுவாக்குங்கள், அந்த அளவை மூடியின் உள்பக்கத்தில் எண்ணாகப் பொறியுங்கள். வளையத்தைத் தனியாக, கேஸ்கெட் விற்கும் அதே கடையில், அதே ஆணியில் தொங்கவிடுங்கள். வாங்குபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பிளாஸ்க் வாங்கும்போது எத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்று கேட்பதற்கு முன்னால், வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள்.